கசியும் டிஸ்க் பிரேக்: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மழை விட்ட ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வரிசையில் கடைசி வீட்டுத் தம்பி தன் மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினான்.

"அண்ணே, பின் பிரேக்ல எண்ணெய் ஒழுகுது. நாளைக்குக் காலையில கிளேடாங் மலை ஏறப் போறோம். ஒரு பிளீட் பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா சரியாயிடும்."

"எங்கேருந்து ஒழுகுது தம்பி?"

"தெரியலண்ணே. சக்கரத்துப் பக்கம் ஈரமா இருக்கு."

விசாரித்தால், இரண்டு மாதத்தில் அந்தப் பிரேக்குக்கு ஏற்கெனவே இரண்டு முறை பிளீட், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரப்பும் வேலை, செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கடையில் எண்ணெய் நிரப்பியதும் லீவர் கெட்டியாகியிருக்கிறது. சில வாரத்தில் மறுபடி பஞ்சு மாதிரி அமுங்கியிருக்கிறது. எண்ணெய் எந்த வழியாக வெளியே போகிறது என்று யாரும் தேடவில்லை. ஓட்டைக் குடத்தை எத்தனை முறை நிரப்பி என்ன பயன்?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன். பழம் பிழியும் பிரஸ்ஸுக்கு ஹைட்ராலிக் உண்டு. அதில் எண்ணெய் மட்டம் இறங்கினால், ஊற்றுவதற்கு முன்னால் துணியும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு குழாய் நெடுக நடந்து பார் என்பதுதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம். சைக்கிள் பிரேக்கும் அதே ஹைட்ராலிக்தான், உருவம் சிறியது. கசியும் இடம் தெரிந்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் அன்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கசியும் பிரேக்கோடு இறக்கத்துக்குப் போகக் கூடாது. ஈப்போ பக்கத்துக் கிளேடாங் மலை 808 மீட்டர் உயரம். அதன் தார்ச்சாலையில் இறங்கும்போது விட்டுவிட்டுப் பிடித்தாலும் டிஸ்க் நன்றாகச் சூடேறும். எண்ணெய் குறைந்து காற்று புகுந்த பிரேக்கில், அந்த நேரம் பார்த்து லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும். மலைக்கே போகாமல் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டினாலும், வளைவில் குலை ஏற்றிய லாரி எதிரே வரும். அவன் முகம் வாடிப்போனது. சைக்கிள் என் வீட்டில் தங்கியது.

உள்ளே என்ன நடக்கிறது

லீவரை இழுத்தால் அதற்குள் இருக்கும் ஒரு சிறு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் சுருங்காது. அதனால் அந்த அழுத்தம் ஹோஸ் என்னும் எண்ணெய்க் குழாய் வழியாக அப்படியே சக்கரத்துப் பக்கம் இருக்கும் கேலிப்பருக்குப் போய், அங்கே இருக்கும் இரண்டு அல்லது நான்கு பிஸ்டன்களைத் தள்ளி, பேட் என்னும் உராய்வுக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு அழுத்துகிறது. காற்று சுருங்கும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் உங்கள் கைப்பலம் அதைச் சுருக்குவதில் வீணாகிவிடும்.

கேலிப்பர் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதன் குறுக்குவெட்டு சதுரமானது. பிஸ்டன் வெளியே வரும்போது இந்தச் சீல் அதைப் பிடித்தபடியே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் முறுக்கு பிரிந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. எண்ணெயை உள்ளே அடைத்து வைப்பதும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பதும் அந்த ஒரே வளையம்தான். அதன் மேல் செம்மண் படிந்தால் இரண்டு வேலையும் சேர்ந்து கெடும்.

பேட் தேயத் தேய பிஸ்டன் சற்று வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப லீவர் பக்கத்துச் சிறு தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கும். ஆகவே தொட்டியில் எண்ணெய் குறைவதை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பேட்டைப் பாருங்கள். தேய்மானப் பொருள் 0.5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் பேட்டை மாற்ற வேண்டும் என்பது பிரேக் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் அளவு. அதே போல, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த பிறகு லீவர் அமுங்கினால், தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் போயிருக்கலாம். அதுவும் கசிவு ஆகாது.

எந்த எண்ணெய் என்று தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள்

இந்தத் தவறுதான் நம் பக்கத்தில் அதிகமாகப் பிரேக்குகளைக் கெடுக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் மோட்டார் கடை இருக்கும், அங்கே டாட் (DOT) 3, டாட் 4 என்னும் மோட்டார் சைக்கிள் பிரேக் எண்ணெய் இருக்கும். சைக்கிள் பிரேக்கும் பிரேக்தானே என்று அதை ஊற்றிவிடுகிறார்கள். என் சொந்த ஷிமானோ பிரேக்குக்கே ஒரு கடையில் அப்படி நடந்தது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இழுத்த லீவர் திரும்பவே இல்லை. உள்ளே சீல்கள் ஊறி உப்பிப்போயிருந்தன. லீவர், கேலிப்பர் இரண்டையும் தூக்கிப்போட்டேன்.

ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ, டிஆர்பி ஆகியவை மினரல் எண்ணெயில் ஓடுபவை. ஹோப் பிரேக்குகளும் ஹேய்ஸ், ஸ்ராம் இவற்றின் பெரும்பாலான பிரேக்குகளும் டாட் எண்ணெய்க்கானவை. ஆனால் ஸ்ராமிலும் டிபி8, மேவன் போன்ற புதியவை மினரல் எண்ணெய்க்கு மாறிவிட்டன. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், லீவரின் தொட்டி மூடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

ஏன் கலக்கக் கூடாது என்பது கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய குடும்பங்களுக்குச் சுலபமாக விளங்கும். காய்ந்த கித்தாப்பாலை டீசலில் போட்டு வைத்தால் ஊறிப் பருத்துவிடும், இல்லையா? ஒவ்வொரு வகை ரப்பருக்கும் ஆகாத எண்ணெய் ஒன்று உண்டு. டாட் பிரேக்கின் சீல் மினரல் எண்ணெயில் ஊறும். மினரல் பிரேக்கின் சீல் டாட் எண்ணெயில் ஊறும்.

ஏற்கெனவே உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகமா? நிறம் ஓரளவு சொல்லும். ஷிமானோ எண்ணெய் இளஞ்சிவப்பு, மகுரா நீலம், டாட் எண்ணெய் தெளிந்த மஞ்சள். பழசானால் எல்லாமே கறுத்துவிடும் என்பதால் இன்னொரு சோதனை செய்யுங்கள். கசியும் எண்ணெயில் இரண்டு சொட்டு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விடுங்கள். மினரல் எண்ணெய் மேலே மிதக்கும். டாட் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும்.

இப்படித் தண்ணீரோடு சேரும் குணம்தான் டாட் எண்ணெயின் பலவீனமும். ஹோஸ் வழியாகக்கூட மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்த பிறகு அதற்குரிய தர அளவு 155 பாகைதான். டாட் 5.1 புதிதில் 260, ஈரம் சேர்ந்தால் 180. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த டாட் பாட்டிலை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைப்பது நல்லதல்ல. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். எண் நெருக்கமாக இருக்கிறதே என்று 5.1-க்குப் பதிலாக அதை ஊற்றிவிடாதீர்கள்.

சிலர் குழந்தை எண்ணெய், ஜாக் எண்ணெய் எல்லாம் ஊற்றுகிறார்கள். ஆலையில் டிரம் டிரம்மாக ஹைட்ராலிக் எண்ணெய் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு சொட்டுகூட என் பிரேக்கில் விடமாட்டேன். அது பெரிய பம்ப்புக்கான கெட்டி எண்ணெய். சைக்கிள் பிரேக் எண்ணெய் மிகவும் மெல்லியது.

கசியும் இடத்தைத் தேடுதல்

அவசரமே வேண்டாம். இதற்கு ஒரு ராத்திரி ஆகும்.

முதலில் சைக்கிளை வாளித் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கார் கழுவும் இடத்து அழுத்தத் தண்ணீரைக் கேலிப்பர் பக்கம் காட்டாதீர்கள், அது மண்ணைச் சீலுக்குள் தள்ளிவிடும். காய்ந்ததும் லீவர், ஹோஸ், கேலிப்பர் மூன்றையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். சங்கிலி எண்ணெய், ஃபோர்க்கிலிருந்து வழிந்த எண்ணெய், துருவுக்கு அடித்த ஸ்பிரே எல்லாம் போய்விட வேண்டும். இவற்றைப் பிரேக் கசிவு என்று நினைத்து நல்ல பிரேக்கைப் பிரித்துப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வெள்ளை டிஷ்யூவைத் துண்டு துண்டாகக் கிழித்து எண்ணெய் வெளியேறக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் சுற்றி நூலால் கட்டுங்கள். மேலிருந்து வருவோம். லீவரின் பிளீட் திருகு. லீவர் கட்டைக்கு அடியில், பிஸ்டன் உள்ளே போகும் வாய். ஹோஸ் லீவரோடு சேரும் இணைப்பு. ஹோஸ் ஃபிரேமில் உரசும் இடங்கள். கேலிப்பரில் ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்ட். கேலிப்பரில் எண்ணெய் ஏற்றி இறக்கும் வாயான பிளீட் நிப்பிள். கேலிப்பரின் இரண்டு பாதிகள் சேரும் கோடு. கடைசியாகச் சக்கரத்தையும் பேட்களையும் கழற்றி, பேட் இருந்த இடத்தில், பிஸ்டன்களைத் தடுத்து நிறுத்தும் பிளீட் பிளாக் என்ற கட்டையைச் செருகி, அதற்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய டிஷ்யூ. பிளாக் இல்லாமல் லீவரை இழுத்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும், கவனம்.

லீவரைப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்திவிட்டு, கடைசியில் இழுத்த நிலையிலேயே கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எந்த டிஷ்யூவில் கறை இருக்கிறதோ அதுதான் இடம். இரண்டு இடத்தில் கறை இருந்தால் மேலே இருப்பதை நம்புங்கள். எண்ணெய் ஹோஸ் வழியாக வழிந்து கீழே சொட்டும், கீழ் இடத்தின் மேல் வீண்பழி விழும்.

தம்பியின் சைக்கிளில் மேலே எல்லா டிஷ்யூவும் உலர்ந்திருந்தது. கேலிப்பருக்குள் வைத்ததில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவத்தில் இளஞ்சிவப்புக் கறை.

"தம்பி, இந்தப் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளின?"

"திருப்புளியாலண்ணே."

ஷிமானோவின் பல கேலிப்பர்களில் பிஸ்டன் செராமிக். சூட்டைத் தாங்கும், ஆனால் திருப்புளியை வைத்து நெம்பினால் விளிம்பு பெயர்ந்துவிடும். அவனுடைய பிஸ்டனில் அரிசி நுனி அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அதன் மேல் மண்ணோடு சேர்த்து உள்ளே தள்ளியிருக்கிறான். சீல் கிழிய இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

2, 2.5, 4, 5 மி.மீ. எல் கீகள், டி25 நட்சத்திர கீ, 7 மற்றும் 8 மி.மீ. ஸ்பேனர், உங்கள் பிரேக்குக்கு உரிய புனலும் சிரிஞ்சும் உள்ள பிளீட் பெட்டி, 100 மி.லி. எண்ணெய், பிளீட் பிளாக், ஆல்கஹால், டிஷ்யூ, கையுறை. டாட் எண்ணெய் என்றால் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணையும் தோலையும் எரிக்கும், ஃபிரேமின் பெயிண்ட்டையும் உரிக்கும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மினரலுக்கு ஒரு சிரிஞ்ச், டாட்டுக்கு ஒரு சிரிஞ்ச், இரண்டையும் கலக்க வேண்டாம்.

முறுக்கு அளக்கும் ஸ்பேனர் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 10 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 5 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ, அதுதான் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். மீன் நிறுக்கும் தொங்கு தராசை வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். கீழே நான் தரும் அளவுகள் ஷிமானோவுக்கானவை.

ஒவ்வோர் இடத்துக்கும் உரிய வைத்தியம்

லீவரின் பிளீட் திருகில் கசிந்தால் நிம்மதி அடையலாம். பெரும்பாலும் அதன் குட்டி ஓ-ரிங் நசுங்கியிருக்கும். புது ஓ-ரிங்கோடு திருகைப் போட்டு, 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது எல் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டே விரலால் பிடித்து முடுக்கினால் போதும். எண்ணெயைத் தடுப்பது ஓ-ரிங். திருகை நெரித்து முடுக்கினால் அதன் தலைதான் தேயும்.

பிளீட் நிப்பிளில் கசிவு என்றால் முதலில் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் நிப்பிளைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். உட்காரும் முனையில் மண் துகள் ஒன்று இருந்தாலே கசியும்.

பேஞ்சோ போல்ட்டில் இரண்டு ஓ-ரிங் உண்டு. வெறுமனே முடுக்கிச் சமாளிக்காமல் இரண்டையும் மாற்றி 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள். ஹோஸ் ஃபிரேமில் முட்டாத கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கடைசி முடுக்கு.

ஹோஸ் லீவரோடு சேரும் இடத்துக் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நிறையப் பேருக்கு வருகிறது. அங்கே ஆலிவ் என்று ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. போல்ட்டை முடுக்கும்போது அது நசுங்கி ஹோஸைக் கவ்விக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கியது மறுபடி அதே மாதிரி கவ்வாது. ஹோஸைக் கழற்றி மாட்டிய எவரும் பழைய ஆலிவையே போட்டிருந்தால் கசிவு இங்கேதான் தொடங்கும்.

ரப்பர் மூடியைப் பின்னுக்குத் தள்ளி, 8 மி.மீ. ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றி ஹோஸை நேராக உருவுங்கள். ஹோஸின் நுனியில் ஒரு 1.5 செ.மீ. வெட்டி எறியுங்கள். வெட்டு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும், ஹோஸ் வெட்டியோ புது பிளேடோ பயன்படுத்துங்கள். வெட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஹோஸ் நீளம் போதுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது ஹோஸில் முதலில் ரப்பர் மூடி, அப்புறம் போல்ட், அப்புறம் புது ஆலிவ் என்ற வரிசையில் கோத்து, ஹோஸைப் பிடிக்கும் கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஹோஸின் வாய்க்குள் செருகும் சிறு குழாயான இன்சர்ட்டைப் புதிதாக எடுத்து நேராக அடித்து இறக்குங்கள். இன்சர்ட்டில் ஹோஸ் வகைக்கு ஏற்ற வித்தியாசம் உண்டு. பிஎச்59 ஹோஸுக்குத் தங்க நிறம், பிஎச்90-க்கு வெள்ளி நிறம். ஹோஸின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆலிவில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஹோஸை லீவருக்குள் முட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டே 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள். தள்ளிப் பிடிக்கும் அந்தக் கையை நடுவில் எடுத்துவிட்டால் வேலை மறுபடியும் முதலிலிருந்து.

ஹோஸே கிழிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. செம்பனை மட்டையின் முள் எவ்வளவு கூர்மை என்று நமக்குத் தெரியும். பாதையில் வெட்டிப் போட்ட மட்டை சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வந்தால் பின் ஹோஸைக் கிழித்துவிடும். டேப், பசை எதுவும் நிற்காது. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது ஹோஸுக்குள் ஏறும் அழுத்தம் சைக்கிள் டயரின் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு.

லீவர் கட்டைக்கு அடியில் பிஸ்டன் வாயிலிருந்து எண்ணெய் வழிந்தால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது. ஸ்ராம், ஹோப் பிரேக்குகளுக்கு உள்ளுறுப்புகள் தனியாகக் கிடைக்கும். ஷிமானோ அப்படி விற்பதில்லை, லீவரையே மாற்ற வேண்டும்.

கேலிப்பர் பிஸ்டனில் கசிவு

இதுதான் தம்பியின் நோய். இரண்டு சாத்தியம் உண்டு. சீல் நல்லபடியாக இருந்து மண் மட்டும் சிக்கியிருந்தால் சுத்தம் செய்தாலே நிற்கும்.

பேட்களைக் கழற்றி, ஒரு பிஸ்டனை டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பியால் தடுத்துப் பிடித்துக்கொண்டு லீவரை மெதுவாக அழுத்துங்கள். எதிர்ப் பிஸ்டன் 2 அல்லது 3 மி.மீ. வெளியே வந்ததும் நிறுத்துங்கள். அதன் பக்கவாட்டைப் பிரேக்குக்கு உரிய எண்ணெயே நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு அதே பிளாஸ்டிக் நெம்பியால் பிஸ்டனின் நடுவில் அழுத்தி நேராக உள்ளே தள்ளுங்கள். அடுத்த பிஸ்டனுக்கும் இதே வேலை. நான்கு பிஸ்டன் கேலிப்பர் என்றால் மற்ற மூன்றையும் தடுத்து வைக்க வேண்டியிருக்கும், கூட ஓர் ஆள் இருந்தால் சுலபம். அப்புறம் மறுபடி டிஷ்யூ வைத்து ஒரு ராத்திரி.

காலையில் மீண்டும் கறை தெரிந்தால், அல்லது பிஸ்டனில் விரிசலோ பெயர்ப்போ இருந்தால், ஷிமானோ கேலிப்பரை மாற்றிவிடுங்கள். பிஸ்டனும் சீலும் தனியாக அவர்கள் தருவதில்லை. இணையத்தில் பெயர் தெரியாத சீல்கள் விற்கிறார்கள். எந்த ரப்பர், எந்த எண்ணெய்க்கு உரியது என்று தெரியாத வளையத்தை நம்பி நான் மலையிலிருந்து இறங்கமாட்டேன். தம்பிக்கும் அதையே சொன்னேன். ஒரு கேலிப்பர் வாங்கினான்.

வாங்கும்போது லீவர் எந்த ரகமோ அதற்குப் பொருத்தமானது என்று உற்பத்தியாளர் பட்டியலில் இருப்பதையே வாங்குங்கள். ஹோஸ் வகையும், ஃபிரேமில் பொருத்தும் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். கேலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளை லேசாக மாட்டி, சக்கரத்தைப் போட்டு, லீவரை இழுத்துப் பிடித்தபடியே 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை மாறி மாறி முடுக்கினால் கேலிப்பர் தானாக நேராக உட்காரும். இதைப் பிளீட் முடிந்த பிறகு செய்ய வேண்டும்.

இப்போதுதான் பிளீட்

கசிவை அடைத்தாயிற்று. இனிமேல் ஊற்றும் எண்ணெய் உள்ளேயே இருக்கும். ஷிமானோ முறையைச் சொல்கிறேன். ஸ்ராமுக்கு இரண்டு சிரிஞ்ச் வைத்துச் செய்யும் வேறு முறை, அதன் கையேட்டையே பின்பற்றுங்கள்.

சைக்கிளைத் தாங்கியில் மாட்டுங்கள். எனக்குத் தாங்கி இல்லாத நாளில் வீட்டு வாசல் ரம்புத்தான் கிளையில் கயிறு போட்டு இருக்கையைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் செய்தேன், ஒரு குறையும் இல்லை. லீவர்தான் மிக உயரத்தில் இருக்க வேண்டும். ஹோஸ் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும் வளைவு எங்கும் இருக்கக் கூடாது, காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சக்கரமும் பேட்டும் வெளியே, பிளீட் பிளாக் உள்ளே. பேட்களைத் தொலைவில், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

லீவரைக் கிடைமட்டமாகத் திருப்பி, 2.5 மி.மீ. எல் கீயால் பிளீட் திருகைக் கழற்றிப் புனலை மாட்டிக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். கீழே நிப்பிளில் முதலில் ஸ்பேனரைக் கோத்துவிட்டு, அப்புறம் எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சின் குழாயைச் செருகுங்கள். சிரிஞ்சிலும் குழாயிலும் குமிழி இருக்கக் கூடாது. நிப்பிளை எட்டில் ஒரு சுற்று மட்டும் திறந்து எண்ணெயை மெதுவாக மேலே தள்ளுங்கள். புனலில் குமிழிகள் வரும், பழைய எண்ணெய் கறுப்பாக வரும். குமிழி நின்றதும் நிப்பிளை மூடுங்கள்.

சிரிஞ்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயும் பையும் மாட்டி மறுபடி திறந்தால் எண்ணெய் தானாக இறங்கும். புனலில் எண்ணெய் தீர்ந்துவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். இறங்கும்போது லீவரின் உடம்பையும் ஹோஸையும் கேலிப்பரையும் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் அப்போதுதான் விடுபடும். பிறகு நிப்பிளை மூடிக்கொண்டு லீவரை இழுத்துப் பிடித்தபடி, அரை நொடி மட்டும் திறந்து மூடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்து, கடைசியில் நிப்பிளை முழு அளவுக்கு முடுக்குங்கள்.

மேலே இன்னும் வேலை இருக்கிறது. லீவரை அழுத்தி விடுங்கள், குமிழி வரும். லீவரை முன்பக்கம் ஒரு 30 பாகை சாய்த்து அழுத்துங்கள், அப்புறம் பின்பக்கம் 30 பாகை. ஒவ்வொரு சாய்வுக்கும் இன்னும் சில குமிழி வரும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், இரண்டு நாளில் பிரேக் மறுபடி அமுங்குகிறது. நான் குமிழி நின்ற பிறகும் பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்திப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரும்.

புனலை அடைப்பானால் மூடி எடுத்து, துளையின் விளிம்பில் எண்ணெய் ததும்பி நிற்கும்போதே திருகைப் போடுங்கள். கொஞ்சம் வழியும், வழியட்டும். வழிந்ததை ஆல்கஹால் விட்டுத் துடைத்த பிறகே பேட் இருக்கும் பைக்குப் பக்கத்தில் போங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆலையில் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெயை எஸ்டபிள்யூ 306 என்னும் கழிவுக் குறியீடு ஒட்டிய டிரம்மில் தனியாக வைக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டிலும் மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். டாட் எண்ணெயை அதோடு கலக்காமல் வேறு பாட்டிலில் வையுங்கள்.

எண்ணெய் பட்ட பேட்டும் டிஸ்க்கும்

பேட்டில் எண்ணெய் இறங்கியிருந்தால் புதுசு வாங்குங்கள். அடுப்பில் வாட்டுவது, உப்புத்தாளில் தேய்ப்பது எல்லாம் நானும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் பிடிக்கும், அப்புறம் சூடேறியதும் உள்ளே இருந்த எண்ணெய் மேலே வந்து மறுபடி கீச்சிடும். ஒரு ஜோடி பேட்டை மிச்சம்பிடிக்கப் போய் மூன்று நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஈரச் செம்மண்ணில் ரெசின் பேட்டைவிட மெட்டல் பேட் அதிக நாள் வரும். ஆனால் டிஸ்க்கில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது.

டிஸ்க்கை ஆல்கஹால் விட்டுத் துடையுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் புது டிஷ்யூ. டிஸ்க்கின் தடிமன் ஷிமானோவில் 1.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

முழுப் பிரேக்கையே மாற்றும் நேரம்

லீவர், கேலிப்பர் இரண்டும் கசிந்தால், அல்லது தவறான எண்ணெய் உள்ளே போயிருந்தால், முழு செட்டாக மாற்றுவதே புத்திசாலித்தனம். ஷிமானோவின் எம்டி200 போன்ற எளிய வகைகள் எண்ணெய் நிரப்பி, ஹோஸ் மாட்டியே வருகின்றன. வாங்கும் முன் பழைய ஹோஸின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். லீவர் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். மோட்டார் பழக்கத்தில் வலது கை முன் பிரேக்காக வைத்திருப்பவர்கள், இடது கை முன் பிரேக் உள்ள செட்டை வாங்கிவிட்டால் ஹோஸ் நீளம் மாறிப்போகும். ஃபிரேமுக்கு உள்ளே ஹோஸ் ஓடும் சைக்கிள் என்றால் ஹோஸைக் கழற்றித்தான் நுழைக்க முடியும். அப்போது புது ஆலிவ், புது இன்சர்ட், ஒரு பிளீட், மூன்றும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழக்கி எடுத்தல்

புதுப் பேட் உடனே பிடிக்காது. போக்குவரத்து இல்லாத தோட்டத்துத் தார்ச்சாலையில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடக்கும் வேகத்துக்கு இறக்குங்கள். இப்படி இருபது தடவை. அடுத்து இன்னும் கொஞ்சம் வேகத்தில் பத்துத் தடவை. முழுக்க நின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகச் செய்யுங்கள். பாதியிலேயே பிடி கூடுவது கையில் தெரியும்.

தம்பி லிந்தாங் சாலைப் பக்கம் இதைச் செய்துவிட்டு வந்த அன்று மாலை, கேலிப்பரைச் சுற்றி மறுபடி டிஷ்யூ கட்டி அனுப்பினேன். "ஒரு வாரம் கழிச்சு எடுத்துக்கிட்டு வா, அதுக்கப்புறம் மலை" என்றேன். அடுத்த சனிக்கிழமை வந்தான். டிஷ்யூவில் செம்மண் தூசி படிந்திருந்தது. எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் இரண்டு பேருமே ஈப்போவுக்குக் கிளம்பினோம்.